துவாவின் தொண்டைப் பாட்டைக் கைபேசியில் போட்டுக் காட்டாதீர்கள்: வாசகர் வட்டங்களுக்கு ஒரு திறந்த மடல்

வார இறுதியில் நூலகத்தில் வாசிப்போடு இசை கேட்கும் அமர்வும் நடத்துகிற நூலகர்களுக்கும் வாசகர் வட்ட நண்பர்களுக்கும் வணக்கம்.

தொலைதூர நிலங்களின் இசை என்று அறிவித்தால், ரஷ்யாவிலுள்ள துவா என்ற குடியரசின் தொண்டைப் பாட்டு அதில் தவறாமல் இடம்பெறுகிறது. தேர்வில் குறையில்லை, கேட்க வைக்கும் விதத்தில்தான் குறை. கைபேசியை மைக் முன்னால் பிடித்து, "ஒரே ஆள், ரெண்டு குரல்" என்று சொல்லி முடித்தால் வந்தவர்கள் காதில் விழுவது விசில் சத்தம் மட்டும்தான். கர்கிரா பாணியில் குரல்நாண்களோடு அவற்றுக்கு மேலுள்ள போலிக் குரல்நாண்களும் பாதி வேகத்தில் அதிர்வதால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அந்த அடி ஒலி கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் வராது.

ஐந்து அங்குல ஊஃபராவது உள்ள இரண்டு ஸ்பீக்கர், வயர் இணைப்பு, இவை போதும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் அடி ஒலி குழம்பும். பேஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள். தரையில் ஜமக்காளம் விரித்தால் எதிரொலி கொஞ்சம் அடங்கும். பாட்டு ஓடும்போது மின்விசிறியும் வேண்டாம். வியர்க்கும்தான், ஆனால் விசிறியின் இரைச்சலில் மெல்லிய மேற்சுரங்கள், அதாவது அடிச்சுருதியின் மடங்குகளாகக் கூடவே ஒலிப்பவை, மூழ்கிப்போகும்.

துவாவுக்கு முன் இரண்டு நிமிடம் தம்புரா. ஜீவா (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) சரியாக அமைந்த தம்புராவில் மந்தர சட்ஜத்தை மீட்டினால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மேலே மிதக்கும். அது ஐந்தாவது மேற்சுரம். அதைப் பிடித்துவிட்ட காதுக்கு, விசில் போல மேற்சுரம் ஓங்கும் சிகித் பாணி எளிது. பாடகர் அடிச்சுருதியை 150 ஹெர்ட்ஸில் நிறுத்தினால் எட்டாவது மேற்சுரம் 1200, ஒன்பதாவது 1350, பத்தாவது 1500, பன்னிரண்டாவது 1800. நாக்கை நகர்த்தி வாயின் அறையைச் சிறிதும் பெரிதுமாக்கி, இவற்றில் ஒன்றை மட்டும் ஓங்க வைக்கிறார். ஏழையும் பதினொன்றையும் பெரும்பாலும் தாண்டிவிடுவார். எட்டைச் சட்ஜமாக வைத்தால் ச, ரி, க, ப. "மோகனம் மாதிரி இருக்கே" என்று யாராவது சொல்வார்கள். தைவதம் வரும்வரை அது சரிதான். ஆனால் "நம்மிடமிருந்து போனது" என்று யாரும் கிளம்பினால் அங்கேயே நிறுத்துங்கள். அது அதிர்வெண் கணக்கு, அவ்வளவே.

அறிவிப்பில் "மங்கோலிய இசை" என்று போடாதீர்கள். துவா ரஷ்யக் கூட்டமைப்பில் உள்ள குடியரசு, மொழி துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1921 முதல் 1944 வரை தனி நாடாக இருந்தது. தலைநகர் கிசில், பெரிய யெனிசேயும் சிறிய யெனிசேயும் கூடுமிடம்.

வாசிக்க, இசை ஆய்வாளர் தியோடர் லெவினின் 2006ஆம் ஆண்டு நூல். ஆற்றோசையும் காற்றும் பாட்டுக்குள் எப்படி வருகின்றன என்பதை மேய்ச்சல் வாழ்க்கையோடு சேர்த்துச் சொல்கிறது. அத்தியாயத்துக்கு இரண்டு பக்கம் உரக்க வாசித்தால் போதும். இயற்பியலாளர் ஃபைன்மன் துவாவுக்குப் போக முயன்ற கதையை அவர் நண்பர் ரால்ஃப் லெய்ட்டன் 1991இல் எழுதினார். சுவையான புத்தகம், ஆனால் அதில் துவாவைவிடக் கலிஃபோர்னியாதான் அதிகம். கேட்க, ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற அமெரிக்க இசைப்பதிவு நிறுவனம் 1990இல் வெளியிட்ட களப்பதிவுத் தொகுப்பு. உறைக்குறிப்பு அவர்கள் தளத்தில் இலவசம். அச்செடுத்துக் கையில் கொடுங்கள். சிகித்தை முதலிலும் கர்கிராவைக் கடைசியிலும் போடுங்கள். வரிசை மாறினால் கர்கிராவின் முரட்டுத்தனத்துக்குப் பிறகு சிகித் எடுபடாது.

முடிந்ததும் எல்லோரும் பாடிப் பார்ப்பார்கள். உதட்டைக் குவித்தபடியே ஒரே சுருதியில் "ஊ"விலிருந்து "ஈ"க்கு மிக மெதுவாக நகரச் சொல்லுங்கள். மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கர்கிராவை மட்டும் யாரும் முயல வேண்டாம். தொண்டையை இறுக்குவார்கள், இருமல் வரும், மறுநாள் குரல் கட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவும் ஒலியமைப்பும் செய்யும் சிலர்