குழந்தை எங்கே என்று கேட்காதீர்கள்

விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், நம் நாட்டில் விமான நிலையங்களைக் கட்டி நடத்துகிற அரசு, தனியார் நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

நான் மதுரைக்காரி. தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் இரண்டு முறையாவது காலையில் பறந்து போய் இரவு திரும்ப வேண்டியிருக்கும். மகனுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது அப்படி ஒரு நாள். விடியற்காலை நான்கு மணிக்கு அவனுக்குப் பால் கொடுத்து, அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மதியம், போன இடத்தில் பழைய கோப்புகள் அடுக்கியிருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பம்ப் வைத்துப் பால் எடுத்தேன். ஐஸ் பேக் போட்ட பைக்குள் பத்திரப்படுத்தினேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது.

மாலை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. பையைத் திறக்கச் சொன்னார்கள். "இது என்ன?" "தாய்ப்பால்." "குழந்தை எங்கே?" "வீட்டில்." அந்தப் பெண் காவலருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேர் கண் முன்னாலும் அந்தப் பாட்டில் மூன்று கை மாறியது.

உள்ளே போனதும், விமானம் இரண்டரை மணி நேரம் தாமதம் என்று பலகையில் வந்தது. மதியம் ஒரு மணிக்குப் பால் எடுத்தது, இப்போது மணி ஆறரை. மார்பு கல்லாகக் கனத்து, வலி அக்குள் வரை இழுத்தது. உதவி மேசையில் கேட்டேன். குழந்தை பராமரிப்பு அறை இருக்கிறது என்று கை காட்டினார்கள். போய்ப் பார்த்தால் பூட்டு. சாவி வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்தேன். அவரும் அதையேதான் கேட்டார்: "குழந்தை எங்கே மேடம்?" குழந்தை இல்லாமல் வருகிறவருக்குத் திறந்துவிட அவருக்கு உத்தரவு இல்லையாம்.

கழிவறைக்குப் போனேன். உள்ளறையில் பிளக் பாயிண்டும் இல்லை, பம்பைக் கீழே வைக்க ஒரு திட்டும் இல்லை. கடைசி வாஷ்பேசின் ஓரமாகத் திரும்பி நின்று, துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு கையாலேயே பீய்ச்சி அத்தனையையும் தண்ணீரோடு விட்டேன். அங்கே எடுத்த பாலைப் பிள்ளைக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ பண்ணும்மா, நான் வாசல்ல நிக்கிறேன்" என்றார். முடியும்வரை துடைப்பானைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. வேலைக்காக ஊர் ஊராகப் பறக்கிற என் தோழிகளைக் கேட்டால் ஆளுக்கு ஓர் ஊரைச் சொல்வார்கள், நடந்தது மட்டும் ஒன்றாக இருக்கும். பல நிலையங்களில் குழந்தைகளுக்கான அறை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அந்த அறையைத் திட்டமிட்டவர் மனதில் மடியில் பிள்ளையோடு ஒரு தாய் மட்டும்தான் இருந்திருக்கிறாள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வருகிறவளும் பால் கொடுக்கிற தாய்தான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இந்த மடலை எழுதுவதே அதற்காகத்தான்.

பிள்ளை பக்கத்தில் இல்லை என்று உடம்புக்குத் தெரியாது. பால் ஊறுகிற கணக்கு எளிமையானது. வெளியே எடுத்தால் மேலும் ஊறும். உள்ளேயே தேங்கினால், போதும் என்று எடுத்துக்கொண்டு உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்று நம் ஊரில் சொல்வது இதற்கும் பொருந்தும். தேங்கிய பால் கட்டிக்கொள்ளும். விட்டுவிட்டால் மார்பு சிவந்து வீங்கி, குளிர் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். பால் வற்ற வேண்டும் என்றால் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார். எனக்குப் பால் வற்ற வேண்டாம். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிடம் உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும்.

நான் பிள்ளையை விட்டுவிட்டுப் பறப்பது ஆசைப்பட்டு அல்ல. 2017-ல் திருத்திய மகப்பேறு சட்டம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. நல்ல சட்டம், நானும் அதில் பயன்பெற்றவள்தான். ஆனால் 26 வாரம் என்றால் ஆறு மாதம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது, விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிற எந்தப் பெண்ணுக்கும் இன்னும் ஒன்றரை வருடம் பால் கொடுக்கிற காலம் மிச்சம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அவள் அலுவலகம் போவாள், பயணம் போவாள்.

தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்ட்டில் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தார்கள். அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூலித் தொழிலாளிப் பெண்ணுக்கும் மறைவாக ஓர் இடம் வேண்டும் என்று ஓர் அரசு நினைத்தது பெரிய காரியம். அவற்றில் சில இன்று பூட்டிக் கிடப்பதையும், சில சாமான் போடுகிற அறையாகிவிட்டதையும் பார்க்கிறோம். அறை கட்டினால் மட்டும் போதாது, சாவிக்கும் துடைப்பத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

உச்ச நீதிமன்றத்திலும் இது பேசப்பட்டுவிட்டது. பொது இடங்களில் பாலூட்டும் அறைகளும் குழந்தைக் காப்பகங்களும் வேண்டும் என்று கேட்ட வழக்கில், 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் நாகரத்னா, வராலே அமர்வு உத்தரவிட்டது. மத்திய அரசு 2024-ல் மாநிலங்களுக்கு எழுதிய அறிவுரையை நடைமுறைப்படுத்த வேண்டும், இனித் திட்டமிடுகிற, கட்டிக்கொண்டிருக்கிற பொதுக் கட்டடங்களில் இதற்குப் போதிய இடம் ஒதுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. புதிய முனையங்கள் இன்னும் எத்தனையோ வரப் போகின்றன. வரைபடத் தாளில் ஒரு சின்னச் சதுரம் வரைவது இப்போது சுலபம். கட்டி முடித்து, கடைகளுக்கு வாடகை பேசி, ஒவ்வொரு சதுர அடிக்கும் விலை வைத்த பிறகு அந்தச் சதுரத்தைத் தேடுவது கஷ்டம்.

இதற்கான விதியை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. அமெரிக்காவில் 2018-ல் விமான நிலையங்களுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் செனட்டர், அதாவது அந்நாட்டு நாடாளுமன்ற மேலவை உறுப்பினர், டாமி டக்வொர்த். அதே 2018-ல், செனட்டராகப் பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்ற முதல் பெண் அவர். அந்தச் சட்டப்படி, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பகுதியில், ஒவ்வொரு முனையக் கட்டடத்திலும் அறை இருக்க வேண்டும். கதவு பூட்டக் கூடியதாக இருக்க வேண்டும். உட்கார இடம், மேசை, கை கழுவவோ கிருமி நீக்கவோ வசதி, பிளக் பாயிண்ட், சக்கர நாற்காலியில் வருகிறவரும் நுழையும் அகலம். கழிவறைக்குள் இருக்கக் கூடாது. பெரிய, நடுத்தர நிலையங்களோடு தொடங்கி, 2020-ல் சின்ன நிலையங்களுக்கும் நீட்டினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. அந்த அறை எதற்கு என்று சொல்லும் இடத்தில், பால் எடுப்பதற்கான இடம் என்று சட்டமே எழுதியிருக்கிறது. அப்படி எழுதிவிட்ட பிறகு, குழந்தை கையில் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. அந்நாட்டுப் பாதுகாப்புச் சோதனை விதியும் அப்படித்தான்: பிள்ளை கூட வராவிட்டாலும் தாய்ப்பாலை, திரவங்களுக்கு வழக்கமான 100 மில்லி வரம்புக்கு மேலேயும் எடுத்துப் போகலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆகவே முதலில் கேட்பது, செலவே இல்லாத ஒன்று. 'பால் கொடுக்கவும் பால் எடுக்கவும்' என்று அறையின் கதவில் எழுதுங்கள். சாவி வைத்திருப்பவருக்கும் உதவி மேசைக்கும் சோதனைப் பகுதிக் காவலர்களுக்கும் அதை ஓர் உத்தரவாகவே அனுப்புங்கள். தாய்ப்பாலோடும் பம்போடும் தனியாக வருகிற பெண்ணை எப்படி அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் இருந்தால், அன்று என் பையைப் பிடித்துக்கொண்டு தவித்த அந்தக் காவலருக்கும் நிம்மதி.

அப்புறம், டயபர் மாற்றுகிற இடத்தையும் பால் கொடுக்கிற இடத்தையும் ஒரே அறைக்குள் திணிக்காதீர்கள். டயபர் மாற்ற அப்பாக்களும் வர வேண்டும், தாராளமாக வரட்டும். அவர்கள் உள்ளே வரவும் முடியாமல், உட்கார்ந்திருக்கிற பெண் நிம்மதியாக இருக்கவும் முடியாமல் போவது இரண்டையும் ஒன்றாக்குவதால்தான். உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். நாற்காலி பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் வேண்டும், சுவரின் மறுகோடியில் இருந்தால் வயர் எட்டாது. ஒரு வாஷ்பேசின் வேண்டும், பம்பின் பாகங்களைக் கழுவாமல் அடுத்த முறை பயன்படுத்த முடியாது. எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும். விமானம் தாமதமாகிற அன்று ஐஸ் பேக் உருகிவிடும். உணவுக் கடையில் ஐஸ் கேட்டு அலையாமல் இருக்க, ஒரு சின்னக் குளிர்பெட்டி வைத்தால் கையெடுத்துக் கும்பிடுவோம்.

இந்த அறை பயணிகளுக்கு மட்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். விமானப் பணிப்பெண்கள், சோதனைப் பகுதியில் நிற்கிற காவலர்கள், கடைகளில் நிற்கிற பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று உங்கள் கட்டடத்திலேயே ஒரு ஷிப்ட் முழுக்க இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை இருக்கும். பயணி இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள், இவர்களுக்கு எட்டு மணி நேரம். எனக்காக வாசலில் நின்ற அந்த அக்காவும், தன் பிள்ளை சின்னதாக இருந்தபோது இதே போல் எங்காவது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். அன்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மகனுக்கு இப்போது பத்து மாதம். பல் வந்துவிட்டது, இட்லி சாப்பிடுகிறான், இரவில் இன்னும் பால்தான் வேண்டும். அடுத்த மாதம் அதே நிலையம் வழியாக மறுபடியும் போகிறேன். திரும்பும் விமானம் இரவு ஏழு மணிக்கு. ஐந்தரைக்கு அந்த அறை வாசலில் இருப்பேன், கையில் குழந்தை இருக்காது. திறந்துவிடச் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு தாய்