பறவைக் கூட்டுக்குக் கம்பளி நூல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழோடு வந்த கோடை விடுமுறை இணைப்பைப் பேத்தியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம். பனையோலைக் காற்றாடி செய்முறை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பறவைகளைப் பற்றிய பக்கத்தில், வீட்டில் மிஞ்சும் நூல், கம்பளித் துண்டுகளைச் செடியில் தொங்கவிட்டால் கூடு கட்ட எடுத்துப் போகும் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் அவள் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் கணவருக்கு மத்திய அரசு வேலை. 22 வருடம் டெல்லி ராமகிருஷ்ணபுரம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லோரும் புல்தரையில் வெயில் காய்ந்தபடி ஸ்வெட்டர் பின்னுவோம். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா சொல்லிக்கொடுத்த 'சீதா', 'உல்டா' (நேர்ப் பின்னல், எதிர்ப் பின்னல்) இன்றைக்கும் என் வாயில் அப்படியேதான் வருகிறது. இப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தில். மகனும் மருமகளும் டெல்லியில். அங்கே மே நடுவில் பள்ளி மூடினால் ஜூன் கடைசி வரை பேத்தி எங்களிடம்தான் இருப்பாள். கத்திரி வெயில் கொளுத்தும்போது நான் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தோளளவு, கையளவு பார்க்கப் பிள்ளை எதிரில் இருப்பது அப்போதுதானே. டிசம்பர் குளிருக்குள் முடித்து அனுப்பிவிட வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் உண்டு. மாதுளை, கொய்யா, கறிவேப்பிலை, இரண்டு நந்தியாவட்டை, வேலியோரம் செம்பருத்தி. கறிவேப்பிலை பழுத்துக் கறுக்கும் நாட்களில் குயிலும் கொண்டைக்குருவியும் விடிவதற்குள் வந்துவிடும். சென்ற ஆண்டு மே கடைசியில் ஒரு ஜோடி கொண்டைக்குருவி நந்தியாவட்டையில் கூடு கட்ட ஆரம்பித்தது. வாலடியில் சிவப்புத் திட்டு இருக்குமே, அந்தக் குருவி. சமையலறை ஜன்னலிலிருந்து கைக்கெட்டும் தூரம். பேத்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அங்கேயே நின்றாள். அப்போது எனக்குத்தான் தோன்றியது, கம்பளி மெத்தென்று இருக்குமே, குஞ்சுக்கு இதமாக இருக்குமே என்று. ஸ்வெட்டரில் மிஞ்சிய சிவப்பு நூலைச் சாண் சாணாக வெட்டிக் கொடுத்தேன். அவள் மாதுளைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாளே குருவி எடுத்துப் போயிற்று. அவள் குதித்த குதி இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மூன்று முட்டை. இரண்டு வாரத்தில் மூன்றும் பொரிந்தன. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழுவும் பூச்சியும் கொண்டுவந்தன. இன்னொரு பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு காலையில் இரண்டு குஞ்சுகள் தத்திப் பறந்து கொய்யாவுக்குப் போய்விட்டன. மூன்றாவது கூட்டுக்கு வெளியே ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிப் படபடவென்று அடித்துக்கொண்டது. பெரிய குருவிகள் இரண்டும் சுற்றிச் சுற்றிக் கத்தின.

பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்டூல் போட்டு ஏறிக் கூட்டோடு தாங்கிப் பிடித்தார். எந்தக் கத்தரியால் அந்த நூலைத் துண்டு போட்டேனோ அதே கத்தரியால்தான் காலிலிருந்து வெட்டி எடுத்தேன். நாலு சுற்று. சதைக்குள் இறங்கி, அதற்குக் கீழே கால் கறுத்துப் போயிருந்தது. சாயங்காலம் வரை அட்டைப்பெட்டியில் உயிர் இருந்தது. அப்புறம் இல்லை. "பாட்டி, இது நம்ம நூல்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏழு வயதுப் பிள்ளையிடம் வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்க மனம் வரவில்லை.

என் தம்பி மகன் கால்நடை மருத்துவர். அவன்தான் போனில் விளக்கினான். கடையில் நாம் வாங்கும் கம்பளியில் பெரும்பாலானது அக்ரிலிக் என்கிற செயற்கை இழை. அது மக்காது, லேசில் அறாது. குஞ்சு கூட்டுக்குள் திரும்பத் திரும்ப நூல் காலில் சுற்றிக்கொள்ளும். கால் நாளுக்கு நாள் பருக்கும், நூல் இளகாது, ரத்த ஓட்டம் நின்றுவிடும். பருத்தி நூலும் இப்படிச் சுற்றிக்கொள்ளும் என்றான். சீப்பில் வரும் தலைமுடியைச் சுருட்டித் தோட்டத்தில் எறிகிறோமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்யுமாம். இது எனக்கு அதுவரை தெரியாது.

இன்னொன்று நானே கவனித்தது. முன்பெல்லாம் பூவை வாழைநாரில் தொடுப்பார்கள். இப்போது பல இடத்தில் நூல்தான், அதுவும் நைலான் கலந்த நூல். சாமிக்குப் போட்டு வாடிய சரத்தைச் செடிக்கு உரமாகட்டும் என்று வேரடியில் போடுகிறோம். பூ மக்கிவிடுகிறது, நூல் அப்படியே கிடக்கிறது. பட்டம் விடும் நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடு முழுக்கத் தடை செய்தது. நம் வீட்டுப் பூச்சர நூலை நாம்தான் உருவி எடுக்க வேண்டும்.

பறவைக்கு நூல் தேவைதான், ஆனால் அதைத் தானே தேடிக்கொள்கிறது. செம்பருத்தியில் இந்த வருடம் தையல்சிட்டு கூடு வைத்திருக்கிறது. இலையின் ஓரத்தில் அலகால் பொடிப் பொடியாக ஓட்டை போட்டு, சிலந்தி இழையையும் பஞ்சு இழையையும் கோத்து இழுத்து, இலையைச் சுருட்டிப் பை மாதிரி ஆக்கிவிடுகிறது. இழை நுனி ஓட்டைக்கு வெளியே பிரிந்து தடித்துக்கொள்வதால் கழன்று வருவதில்லை. 40 வருடமாக ஊசி பிடித்த கை என்னுடையது, எனக்கு அப்படிச் செய்ய வராது. அதற்காகவே வெளிச்சுவர் ஒட்டடையை மே, ஜூனில் நான் அடிப்பதில்லை. ஒரு மூலையில் சருகும் காய்ந்த புல்லும் கூட்டாமல் விட்டிருக்கிறேன்.

குழந்தைகள் ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் கொடுக்கட்டும். இலவம் பஞ்சு, விரல் நீளத்துக்கு மேல் போகாத தேங்காய் நார், காய்ந்த புல், இவையெல்லாம் நல்லது. அதைவிட, அகலமான மண்தட்டில் இரண்டு விரல்கட்டை தண்ணீர் வைத்து, கொசு வராமல் தினமும் மாற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது பேத்தியின் பொறுப்பு. காலையில் பல் தேய்த்ததும் முதலில் அதைத்தான் செய்கிறாள். மிஞ்சும் கம்பளித் துண்டை எண்ணி வாங்கி ஒரு டப்பாவில் போட்டு மூடுவதும் அவள்தான். அதைத் திணித்து நவராத்திரிக்குக் கிளி பொம்மை தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் இணைப்பைப் பார்த்து இந்நேரம் எத்தனை வீட்டில் நூல் தொங்குகிறதோ தெரியவில்லை. அடுத்த இதழிலேயே, குழந்தைகள் பார்க்கிற பக்கத்தில், நாலு வரி திருத்தம் போட்டுவிடுங்கள். கட்டித் தொங்கவிட்டவர்கள் அவிழ்த்துவிட இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்.