அம்மாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர்களுக்கு

அன்புள்ள சிஸ்டர்களுக்கும் பராமரிப்பு உதவியாளர்களுக்கும்,

உங்கள் பராமரிப்பு இல்லத்தில் அம்மாவின் அறையைக் காலி செய்ய வந்த அன்று நீங்கள் எல்லோரும் வேலையில் இருந்தீர்கள். நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் எங்கள் சொந்தக்காரர்கள்தான். "மறதி நோய்க்குத்தான் மருந்தே இல்லையே, அங்கே நர்ஸுக்கு என்ன வேலை? வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதாதா?" என்று பலர் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நீங்கள் செய்வது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வந்தது அல்சைமர், டிமென்ஷியா என்று சொல்லும் மறதி நோய்களில் ஒன்று. கடைசிக் காலத்தில் பேச்சு அநேகமாக நின்றுபோனது. தலை வலிக்கிறது, வயிறு சரியில்லை என்று சொல்லத் தெரியாத ஒருவருக்கு என்ன செய்கிறது என்பதை வேறு யாராவதுதான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வேலையில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன்.

குளிக்க வைக்கும்போதெல்லாம் அம்மா கத்துவார், கையைத் தட்டிவிடுவார். 'முரண்டு பிடிக்கிறார்' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, டாக்டரிடம் அமைதிப்படுத்தும் மருந்து கேட்டிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தலைமைச் செவிலியர் அப்படிச் செய்யவில்லை. பேச முடியாதவர்களின் வலியை அளக்க ஒரு முறை இருக்கிறதாம். மூச்சு, முனகல், முகம், உடம்பு இருக்கும் விதம், தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அம்மாவுக்கு மதிப்பெண் மிகக் குறைவு. வலது கையைத் தூக்கினால் மட்டும் ஏறியது. அந்தக் கணக்கைக் காட்டியதும் டாக்டர் தோளைப் பரிசோதித்தார். மூட்டுத் தேய்மானம். குளியலுக்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்து, சட்டையை வலியுள்ள கையில் முதலில் மாட்டி, கழற்றும்போது கடைசியாகக் கழற்றி... கத்தல் பெரும்பாலும் நின்றது. வயதான மறதி நோயாளிகளை அமைதிப்படுத்த மனநோய் மருந்துகள் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்ததை எனக்குச் சொன்னவரும் தலைமைச் செவிலியர்தான். அவசியம் வந்தால் டாக்டர் எழுதுவார், அது வேறு. ஆனால் வலிக்கு வலி மருந்துதான் என்று உறுதியாகச் சொல்ல யாரோ ஒருவர் வேண்டியிருக்கிறது.

இன்னொரு முறை அம்மா திடீரென்று சுருண்டுவிட்டார். பகலெல்லாம் தூக்கம், கண் திறந்தால் வெறும் காற்றில் எதையோ பிடித்து இழுப்பது. நோய் முற்றிவிட்டது, அவ்வளவுதான் என்று நாங்கள் மனத்தைத் தயார்செய்துகொண்டோம். இரவு ஷிஃப்டில் இருந்த சிஸ்டர் ஒரே வரியில் மறுத்தார்: "டிமென்ஷியா மாசக்கணக்குல இறங்கும். ரெண்டு நாள்ல ஆள் மாறினா வேற ஏதோ இருக்கு." காய்ச்சல் இல்லை. வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம் என்று அவரே சொன்னார். டாக்டருக்குப் போன் செய்து, பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். சிறுநீர்த் தொற்றும் உடம்பில் நீர் குறைந்ததும் சேர்ந்து செய்த வேலை. சில நாளில் அம்மா பழையபடி ஜன்னலோரம் உட்கார்ந்து துணியை மடித்துக்கொண்டிருந்தார். அந்த இரவில் அவர் 'காலையில் பார்க்கலாம்' என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்சு இருந்த நாட்களில், மாலையானால் 'வீட்டுக்குப் போகணும்' என்று கதவருகே வந்து நிற்பாரே, அதையும் சொல்ல வேண்டும். 'இதுதான் உங்க வீடு' என்று நீங்கள் ஒருநாளும் வாதாடவில்லை. பொய்யும் சொல்லவில்லை. "வீட்ல யார் இருக்காங்கம்மா?" என்று கேட்டபடி கூடவே நடப்பீர்கள். தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கதவு மறந்துபோகும். கேட்க எளிதாக இருக்கிறது. அதே நேரத்தில் இன்னும் பலருக்கு மருந்து நேரம், ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார் என்றால் எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியவில்லை.

விழுங்குவது கஷ்டமானபோது உணவு செலுத்தக் குழாய் போடலாமா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. நீங்கள் முடிவைத் திணிக்காமல் டாக்டரோடு எங்களை உட்கார வைத்தீர்கள். முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளை நீட்டுவதாகத் தெரியவில்லை, உணவு நுரையீரலுக்குப் போய் வரும் நிமோனியாவையும் தடுப்பதில்லை, கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014இல் சொல்லியிருப்பதை அப்போதுதான் அறிந்தோம். கையால் ஊட்டுவது என்றால் நேரம். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு கரண்டியில் கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று பார்த்து, அப்புறம் அடுத்த கரண்டி. ஊட்டி முடித்ததும் உடனே படுக்க வைக்கவும் கூடாது. அந்த நேரத்தை நீங்கள் கொடுத்தீர்கள். கட்டிலோடு கிடந்த நாட்களிலும் அம்மாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை. இரவிலும் புரட்டிப் படுக்க வைத்த, குதிகாலுக்கு அடியில் தலையணை வைத்த கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

துப்புரவுப் பணி செய்த அக்காவை விட்டுவிடக் கூடாது. அம்மா தண்ணீர் குடிக்காத நாட்களை முதலில் கவனித்துச் சொன்னவர் அவர்.

நிர்வாகத்திடம் ஒரு விஷயம். இரவில் ஒரு சிஸ்டர்தான் இருக்கிறார். இன்னும் ஒருவரைப் போடுங்கள். மேலே எழுதியவற்றில் பாதி இரவில் நடந்தவை. கூடவே, அடிக்கடி ஆட்களை வேறு பிரிவுக்கு மாற்றாமல் இருந்தால் நல்லது. ஒருவருடைய வழக்கமான முகம் எது என்று தெரிந்தவருக்குத்தான் அது மாறியதும் தெரியும்.

அம்மாவின் சக்கர நாற்காலியை அங்கேயே விட்டிருக்கிறேன். இடது பக்க பிரேக் கொஞ்சம் தளர்வு. வேறு யாருக்கும் கொடுப்பதற்கு முன் அதைச் சரிபார்க்கச் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
ஜன்னலோரக் கட்டில் அம்மாவின் மகன்