தாராவித் தமிழர் சங்கம்: ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, நோட்டுப் புத்தகம் வழங்கியது, கண் பரிசோதனை முகாம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஜூலை 30 கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டீக்கடையில் இன்னும் அதே பேச்சுதானே!

ஆள்கடத்தல் எதிர்ப்பு நாள் என்று ஐ.நா. 2013-இல் அறிவித்த நாள் அது. சீரியல் நடிகை ஒருவரை அழைத்தோம். பணம் வாங்காமல் வந்தார். கார், சால்வை மட்டும் நம் செலவு. பொங்கலுக்குக்கூட அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை.

குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் மீட்கப்பட்ட பையன்கள் இருவரை வரவழைத்து, நடிகை பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று வீடியோக்காரர் யோசனை சொன்னார். செயற்குழுவிலேயே சிலருக்கு அதில் ஆசை. மறுத்துவிட்டோம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடச் சேர்ந்து வரலாம். விஷயத்தைச் சொன்னதும் நடிகையும் "ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்றுவிட்டார்.

அவர் பேச்சு முழுக்க மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதியான காமாட்டிபுராதான். 1996 சோதனையில் அங்கிருந்து மீட்கப்பட்ட நேபாளப் பெண்கள் சிலர் ஊர் திரும்பி 'சக்தி சமூஹா' அமைப்பை உருவாக்கியதையும், அது 2013-இல் மகசேசே விருது பெற்றதையும் சொன்னார். நல்ல செய்தி, நல்ல கைதட்டல். ஆனால் நமக்குப் பழக்கமான கடத்தல் வேறு. உசிலம்பட்டிப் பக்கம் பெற்றோர் கையில் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, பையனை ரயிலேற்றி முறுக்கு கம்பெனியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிறுத்துவது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. முதலாளி நம் ஊர்க்காரராக இருந்தால் நாம்தான் வாயைத் திறப்பதில்லை.

இதைக் காதில் போட்டதும் நடிகை மறுபடி மைக்கை வாங்கினார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூட்டம் முழுவதும் உரக்கச் சொல்லும்வரை விடவில்லை. என்னைக் கேட்டால், அவரை அழைத்ததற்கு அந்த ஐந்து நிமிடம்தான் பலன். அப்புறம் சில வாரத்தில் நம் உறுப்பினர் ஒருவர் அந்த எண்ணுக்குப் பேசினார். விசாரணை நடப்பதால் விவரம் வேண்டாம்.

அடுத்த ஜூலையிலும் நட்சத்திரத்தை அழைக்கலாம் என்பதே செயற்குழுவின் கருத்து. பேச வேண்டியதை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுப்போம். ஒப்புதல் கோருகிறேன். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

செயலாளர்