ஞாயிறு குர்டென் ஓட்டம்: மின்சைக்கிள் உள்ளவர்கள் கவனத்துக்கு

வணக்கம் எல்லோருக்கும். எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு மேல் இப்போது மலைச் சைக்கிளிலும் மின்சாரத்துக்கு மாறிவிட்டார்கள். நல்ல விஷயம். முழங்கால் வலியால் ஒதுங்கியிருந்த அண்ணாமார் திரும்பி வந்ததே இதனால்தான். அவர்கள் இல்லாத ஓட்டம் எனக்கு ஓட்டமாகவே இருக்கவில்லை.

ஆனால் ஏற்றத்தில் குழு உடைகிறது. பெர்ன் நகருக்குப் பக்கத்திலுள்ள வாபெர்னில் இருந்து குர்டென் மலை உச்சிக்குக் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற வேண்டும். காலை மட்டும் நம்பி மிதிப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் வர, மோட்டர் அதிகம் உதவும் டர்போ நிலையில் போகிறவர் முதல் வளைவிலேயே மறைந்துவிடுகிறார். மேலே காத்திருக்கிறோம்தானே என்கிறீர்கள். சரி, ஆனால் கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் ஆறியிருந்தவர்கள் உடனே கிளம்பிவிடுகிறார்கள். அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வே இல்லை. இது நியாயமில்லை.

அதனால் இந்த ஞாயிறு ஏற்றம் முழுக்க மோட்டர் குறைவாக உதவும் எக்கோ நிலையில் மட்டும் ஓட்டுங்கள். மோட்டர் உள்ள ஒருவர் கடைசி ஆளோடு வரவேண்டும். கடைசி ஆள் மேலே வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் இறக்கம். இன்னொரு சுற்று போக ஆசைப்படுகிறவர்கள் அதற்குப் பிறகு தாராளமாகப் போகலாம்.

அப்புறம், மின்சைக்கிளில் பகலிலும் விளக்கு எரியவேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து இங்கே சுவிட்சர்லாந்தில் அது சட்டம்.

காலை 9 மணி, வாபெர்ன் நிலையம். கடைசி ஆளோடு வர யார் தயார்? இன்றிரவுக்குள் எழுதுங்கள்.