பெரிய மீனுக்குப் பெரிய லூர்தான் வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன்னர் உங்கள் வார இறுதிப் பக்கத்தில் ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரிகளில் மஸ்கி மீன் பிடிப்பது பற்றி ஒருவர் எழுதியிருந்தார். படகு, உரிமம், பருவகாலம் எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆனால் பத்து அங்குலத்துக்குக் குறைந்த லூரை, அதாவது தூண்டிலில் கட்டுகிற செயற்கை இரையை, கையில் எடுக்கவே வேண்டாம், பெரிய மீனுக்குப் பெரிய லூர்தான் என்று முடித்திருந்தார் பாருங்கள், அது சரியில்லை. அதை வாசித்துவிட்டு எங்கள் கட்டடத்துப் பெடியள் இரண்டு பேர் கடைக்குப் போய், ஆளுக்கு இருநூறு டொலர் மட்டில் கொட்டிவிட்டு வந்து, பையைத் திறந்து என்னிடம் காட்டினார்கள். அதில் இருந்த ஒரு ரப்பர் லூரின் நீளம் என் முழங்கையில் பாதி. ஐயோ என்றிருந்தது. ஏனென்றால் நான்கு வருடத்துக்கு முன் நானும் அதே பையோடுதான் வீட்டுக்கு வந்தவன்.

மஸ்கியைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ச் சீலா மீனை இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கி, பச்சையும் பழுப்பும் கலந்து பூசி, நன்னீரில் விட்டால் எப்படியோ அப்படி. பல்லும் அதே மாதிரிதான், விரலைக் கொடுத்தால் அவ்வளவுதான். ஓடித் திரிந்து வேட்டையாடுகிற மீன் இல்லை, விரால் மாதிரிப் பாசிக்குள் அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சலில் பிடிக்கும். பத்தாயிரம் தரம் வீசினால் ஒன்று கிடைக்கும் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அந்தப் பத்தாயிரத்தையும் எதை வைத்து வீசுகிறோம் என்பதுதான் என் கதை.

முதல் வருடம் நான் வீசியது இரண்டு பெரிய தகடு போட்ட பக்டெயில், மயிர் வால் வைத்த லூர். ஒன்றே மூன்று அவுன்ஸ் கிட்ட வரும். அதை இழுக்கும்போது தண்ணீர் தருகிற எதிர்ப்பு இருக்கிறதே, கிணற்றில் வாளி இழுக்கிற மாதிரி. வாரம் முழுக்க இரவு வேலை, சனிக்கிழமை விடியற்காலை பிஜன் ஏரி, மத்தியானத்துக்குள் வலது தோள் போய்விடும். அப்புறம் வீசுவது எல்லாம் பேருக்குத்தான். லூர் போய் விழவேண்டிய இடத்துக்குப் பத்தடி இப்பால் விழும், இழுக்கும் வேகம் குறையும், படகோரத்தில் எட்டுப் போடுவதை (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) மறந்துவிடுவேன். அந்த வருடம் ஜூன் தொடக்கம் ஒக்டோபர் வரை போய்ப் பிடித்த மஸ்கி பூச்சியம். பின்னால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவை நாலைந்து இருக்கும்.

அடுத்த ஜூனில் மச்சான் வந்தார். அவருக்கு மஸ்கியும் தெரியாது, ஒன்றும் தெரியாது, பாஸ் மீன் பிடிக்கப் போகிறேன் என்று ஐந்தாம் நம்பர் மெப்ஸ் ஸ்பின்னர், தகடு சுழல்கிற சின்ன லூர், ஒன்றைக் கட்டிக்கொண்டு படகின் பின்பக்கம் இருந்தார். முதல் நாள் இரவு இடி மழை, காலையில் வடக்குக் காற்று, வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை, மீன்பிடிக்கிறவனுக்கு இதைவிட மோசமான நாள் கிடையாது. நான் முன்னால் நின்று பெரிய லூரை வீசி ஓய்ந்த அதே பாசிக்கரையில், நான் முடித்துப் பத்து நிமிடம் இருக்காது, அவர் சும்மா வீசி இழுத்தார். விரல் நீளத் தகடு ஒன்று மினுங்கிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிழல். தண்ணீர் அங்கே தெளிவு, அதனால் எல்லாம் தெரிந்தது. மீன் அவசரப்படவில்லை, வாயைப் பெரிதாகத் திறக்கவும் இல்லை, கொட்டைப் பாக்கை வாயில் போடுகிற மாதிரி அந்த ஸ்பின்னரை ஓரமாக எடுத்துக்கொண்டு திரும்பியது. முப்பத்தெட்டு அங்குலம். மச்சான் கேட்டார், "இதுக்குத்தானா நீ போன வருசம் முழுக்க அலைஞ்சனி?"

அன்றைக்குப் பிறகுதான் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினேன். கவார்த்தாவில் மஸ்கி பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை திறக்கிறது. மீன் முட்டையிட்டு முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், உடம்பு களைத்திருக்கும். அந்த நேரம் ஆழம் குறைந்த பாசிக்குள் அதற்கு முன்னால் திரிவது என்ன? மஞ்சள் பெர்ச், சின்னச் சக்கர், சூரிய மீன் என்று நாங்கள் சொல்கிற சின்ன வட்ட மீன். பெரும்பாலும் கைக்குள் அடங்கக்கூடியவை. பெரிய மீன் பெரிய இரையைத்தான் தின்னும் என்பது முழுப் பொய் இல்லை, தின்னும், ஆனால் முன்னால் வருகிற சின்னதை வேண்டாம் என்று சொல்லாது. நாங்களும் சோறு வரும்வரை வடை சாப்பிடுகிறோம்தானே.

இன்னொன்று, கவார்த்தா ரொறன்ரோவுக்கு இரண்டு மணித்தியாலத் தூரம். சனி ஞாயிறு வந்தால் ஒவ்வொரு பாசிக்கரையையும் பத்துப் படகு தடவிவிட்டுப் போகும், பத்துப் பேரும் ஒரே மாதிரிப் பெரிய தகட்டைத்தான் இழுப்பார்கள். அந்தச் சத்தமும் அதிர்வும் மீனுக்குப் பழகிவிடும் என்பது என் எண்ணம், விஞ்ஞானம் என்று சொல்லவில்லை. வரிக்குதிரைச் சிப்பி வந்த பிறகு தண்ணீரும் தெளிந்துவிட்டது. தெளிந்த தண்ணீரில் மீன் லூரை நன்றாகப் பார்த்துத் தீர்மானிக்கிறது, அங்கே சின்னதுதான் எனக்குக் கூடுதலாக உதவியது. தவிரவும் இந்த ஏரிகளின் மஸ்கி ஜோர்ஜியன் குடா மீன் மாதிரியோ சென்ட் லோரன்ஸ் ஆற்று மீன் மாதிரியோ ராட்சதம் இல்லை. முப்பதிலிருந்து நாற்பது அங்குலம்தான் வழக்கமாகக் கிடைக்கும்.

பெரியது சின்னதுக்கு வராது என்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: கென் ஓ'பிரையன். 1988 ஒக்டோபரில் ஜோர்ஜியன் குடாவில், மூன் ஆறு வந்து சேரும் பக்கம், 65 ராத்தல் மஸ்கி பிடித்தவர். 58 அங்குலம். ஒன்ராறியோவின் சாதனை மீன் அதுதான். அவர் இழுத்துக்கொண்டு போனது சுமார் நான்கு அங்குல ராப்பாலா, சின்ன மீன் வடிவ லூர். அதுவும் ஒக்டோபரில், எல்லாரும் பெட்டியிலேயே பெரிய லூரைத் தேடி எடுக்கிற மாதத்தில். ஒரு மீனை வைத்துச் சட்டம் எழுத முடியாது, தெரியும். ஆனால் "வராது" என்று சொல்கிறவரின் வாயை அடைக்க ஒன்று போதும்.

சரி, நான் இப்போது கட்டுவது என்ன என்று பெடியள் கேட்டார்கள். முக்கால் அவுன்ஸ் மஸ்கி கில்லர் என்கிற ஸ்பின்னர், கறுப்பு வால், வெள்ளித் தகடு. ஐந்தரை அங்குல ராப்பாலா ஒன்று, பெர்ச் நிறம். பாசி கூடினால் ஸ்பின்னர்பெய்ட், அது எங்கள் ஊர்ச் சாதாளை மாதிரி அடர்ந்த இடத்துக்குள்ளும் மாட்டாமல் வரும். மூன்றும் சேர்ந்து, அந்தப் பை நிறையப் பொருளில் ஒன்று இரண்டின் விலைதான். ஒன்று கல்லில் மாட்டி அறுந்தாலும் இரவு நித்திரை வரும்.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும், இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர் நான் செய்ததையே செய்துவிடுவார். சின்ன லூர் என்றதும் நான் சின்னத் தடியும் மெல்லிய தங்கூசி நூலும் எடுத்துக்கொண்டு போனேன். ஜூலைக் கடைசி, நல்ல வெயில், ஏரித் தண்ணீர் கஞ்சி மாதிரிச் சூடு. மீன் பட்டது, நாற்பதுக்கு மேல். தடி வளைந்து கிடக்கிறது, றீல் கத்துகிறது, எனக்கோ ஒரே சந்தோசம். இருபது நிமிடத்துக்கு மேல் இழுபறி. ஒருவழியாகப் பக்கத்தில் கொண்டு வந்தால் கைவலையும் பாஸ் பிடிக்கிற சின்ன வலை, மீன் பாதிதான் உள்ளே போகும். லூர் சின்னது என்பதால் செவுள் பூவுக்குக் கிட்டவரை விழுங்கியிருந்தது. குறடு மட்டும்தான் இருந்தது, தூண்டில் முள்ளை வெட்டுகிற கட்டர் இல்லை. கழற்றி முடித்துத் தண்ணீரில் விட்டேன், சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்தேன், செவுள் மெதுவாக அசைந்தது, விட்டேன், திரும்பவும் சாய்ந்தது. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வாலைப் பிடித்துக்கொண்டு படகோரத்தில் முழங்காலில் இருந்தேன். வெள்ளை வயிறு மேலே வந்ததுதான் மிச்சம். அப்படி ஒரு மீன் வளரப் பத்து வருடமாவது எடுத்திருக்கும்.

ஆகவே லூர்தான் சின்னது, மற்றதெல்லாம் மஸ்கிக்குரியது. பின்னல் நூல் ஐம்பது ராத்தலுக்குக் குறையாமல், லூருக்கு முன்னால் கடிக்குத் தாங்குகிற துண்டு நூலாக எண்பது ராத்தல் ஃப்ளோரோகாபன் லீடர், இல்லாவிட்டால் கம்பி லீடர், பல்லுக்கு வேறு மருந்து இல்லை. தடி மட்டும் முக்கால் அவுன்ஸை வீசக்கூடிய அளவு நுனி மெல்லியதாக இருக்கட்டும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற காதை நசுக்கிவிடுங்கள். பெரிய ரப்பர் வலையும் நீள மூக்குக் குறடும் கட்டரும் இல்லாமல் படகு கரையை விட்டுப் போகவே கூடாது. தண்ணீர் இருபத்தாறு பாகையைத் தாண்டினால் நான் இப்போது மஸ்கியை மறந்துவிட்டுப் பிள்ளைகளோடு பெர்ச் பிடிக்கிறேன்.

சின்ன லூரால் தொல்லையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாஸ் வந்து கொத்தும், கொத்திக்கொண்டே இருக்கும். இருட்டிலும் கலங்கல் தண்ணீரிலும் சின்னதை மீன் கண்டுபிடிக்கக் கஷ்டப்படும், அங்கே சத்தம் போடுகிற பெரியதுதான் சரி. நவம்பரில் நானும் எட்டு அங்குலத்துக்கு மாறுவேன். கட்டுரை எழுதியவர் நவம்பரை மனதில் வைத்து எழுதியிருந்தால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் உங்கள் பத்திரிகை வந்தது ஜூனில்.

எட்டுப் போடுவதை மட்டும் சின்ன லூர் என்று விட்டுவிடாதீர்கள். லூர் படகுக்குக் கிட்ட வந்ததும் தூக்கி எடுக்காமல் தடி நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி, எட்டு எழுதுகிற மாதிரி அகலமாக இரண்டு சுற்று. பின்னால் ஒன்றும் தெரியாவிட்டாலும் செய்யவேண்டும். போன வருடம் எனக்குக் கிடைத்த மூன்றில் இரண்டு அப்படி, படகின் நிழலுக்குள் இருந்து வந்தவை.

பிடித்ததை ஏன் விட்டீர்கள், குழம்பு வைத்திருக்கலாமே என்று கோயிலில் ஒரு அக்கா கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். கவார்த்தாவில் 44 அங்குலத்துக்கு மேற்பட்டதை மட்டுமே வைத்துக்கொள்ளச் சட்டம் விடுகிறது, பாதுகாப்பு உரிமம், அதாவது குறைவாகவே மீன் வைத்துக்கொள்ள விடுகிற உரிமம், எடுத்தவர் ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. அப்படி வைத்தாலும் மற்ற மீனைத் தின்று வருடக்கணக்காக வளர்ந்த மீனில் பாதரசம் கூடச் சேர்ந்திருக்கும். குழம்புக்குப் பெர்ச் இருக்கிறது, பொரித்தால் இன்னும் நல்லது.

கடைசியாக, கட்டுரையோடு போட்ட படம். அதில் ஒருவர் மீனின் தாடையில் பிடித்து நெடுக்காகத் தூக்கித் தொங்கவிட்டிருந்தார். அந்தப் பாரத்தில் உள்ளுறுப்பும் முள்ளந்தண்டும் அடிபடும், விட்டாலும் பிழைப்பது சந்தேகம். இரண்டு கையாலும் கிடையாக ஏந்திப் பிடித்த படம் என்னிடம் இரண்டு இருக்கிறது. முகத்தை வெட்டிவிட்டுப் போடுவதென்றால் அனுப்பிவைக்கிறேன், மச்சானுக்குத் தன் முகம் பத்திரிகையில் வருவது பிடிக்காது.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்