பவுல் பொயின்ட்டைக் கடல்வழியே பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரையோரமாகக் கோடையில் ஓடும் பாய்க்கப்பல்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். 1871இல் நீரில் இறக்கிய லூயிஸ் ஆர். பிரெஞ்ச் என்ற கப்பல் இன்றும் பெனோப்ஸ்கொட் குடாவில் பாய் விரித்து ஓடுகிறது. பயணிகளும் கயிறு பிடித்துப் பாய் ஏற்றலாம். போகும் வழியெல்லாம் வெளிச்ச வீடுகள். படிக்கப் படிக்க என் மனம் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கு வந்துவிட்டது.

நமக்கும் அப்படியொரு கடல் இருக்கிறது. உள்துறைமுக வாசலில் ரவுண்ட் ஐலன்ட், குடாவின் தென்முனையில் பவுல் பொயின்ட். இரண்டு வெளிச்ச வீடுகளையும் 1863இல் கட்டினார்கள். வெளிக்கடலிலிருந்து வரும் கப்பலுக்குப் பவுல் பொயின்ட் குடாவின் வாயையும் ரவுண்ட் ஐலன்ட் துறைமுகத்தின் வாசலையும் காட்டின. 1660இல் ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ் வந்த கப்பல், புயலில் இழந்த பாய்மரத்துக்குப் பதிலாகப் புதியதைப் போடுவதற்காக ஒதுங்கியதும் இதே குடாவில்தான்.

சிறுவயதில் அப்பாவோடு குடாவின் மறுகரையிலுள்ள மூதூருக்கு ஒரு முறை பாய்த்தோணியில் போனேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை லோஞ்ச் என்ற இயந்திரப் படகில் எத்தனையோ தடவை போயிருப்பேன், ஆனால் நினைவில் நிற்பது அந்தத் தோணிதான். வைகாசி மாதம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசியதால் கரையோரத்தில் அலையே இல்லை. பாய் ஒரு தடவை படபடத்து, பிறகு வயிறு புடைத்து நின்றது. பேச்சு நின்று, தோணியின் அடியில் தண்ணீர் உரசும் ஓசை மட்டும் கேட்டது. கச்சானில் வெளியே போவது பெரிதல்ல, அதை எதிர்த்து வளைந்து வளைந்து வெட்டித் திரும்பி வருவதுதான் கெட்டித்தனம் என்றார் படகோட்டி. மகாவலி கலக்கும் இடத்துக்கு நேரே வந்ததும் நீரின் நிறம் மாறியது. கிழக்கே தூரத்தில் பவுல் பொயின்ட் கோபுரம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

சில மாதங்களுக்கு முன் பேரப்பிள்ளைகளோடு தரைவழியாக அங்கே போனேன். பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற சுவரை என் இளைய பேத்தி தடவிப் பார்த்தாள். அவளுடைய உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு. 150 ஆண்டுகளுக்கு மேல் உப்புக்காற்றைத் தாங்கிய கோபுரத்தை இப்படி விட்டுவைத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை.

மெயினில் 1996இல் வந்த சட்டத்தின்படி பல வெளிச்ச வீடுகளை ஊர்ச் சபைகளிடமும் தொண்டு அமைப்புகளிடமும் ஒப்படைத்தார்கள். விளக்கைக் கடலோரக் காவல்படை பார்த்துக்கொள்ள, கட்டடத்தை ஊரார் பேணுகிறார்கள். பவுல் பொயின்ட்டையும் அப்படி அருகிலுள்ள சம்பூர், மூதூர் மக்களிடம் கொடுக்கலாம். பழுதுபார்க்கும் செலவை அரசு ஏற்கட்டும், காவலையும் பராமரிப்பையும் அந்த மக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அதோடு சித்திரை முதல் புரட்டாதி வரை, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், உள்துறைமுகத்திலிருந்து ரவுண்ட் ஐலன்டைச் சுற்றிப் பவுல் பொயின்ட் வரை பாய்ப்படகுச் சவாரி நடத்த வேண்டும். திமிங்கிலம் காட்டப் போகும் இயந்திரப் படகுகள் இந்தப் பருவத்தில் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி ஓடுகின்றன. ஒரு திமிங்கிலம் முதுகு காட்டினால் நான்கைந்து படகுகள் விரட்டிக்கொண்டு ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். பாய்ப்படகு அந்த உயிர்களைத் துரத்தாது. வெளியூர்ப் பணக்காரர்களுக்கு உரிமம் கொடுத்து இதைத் தொடங்கக் கூடாது. சுக்கானும் சம்பாத்தியமும் இந்தக் குடாவின் மீனவர்கள் கையில் இருக்க வேண்டும்.

காலம் தாழ்த்த வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்து மூதூரில் பாய் தைக்கத் தெரிந்தவர்கள் இருவர்தான் இன்னும் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது வயது தாண்டிவிட்டது.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.